சிப்பிக்கிடங்குத் தெருவின் பொதுக் கேசட்

சிப்பிக்கிடங்குத் தெருவில் உப்புக் காற்று தின்னாத பொருள் என்று ஒன்று இருந்ததில்லை. சைக்கிள் செயினைத் தின்றது, சன்னல் கம்பியைத் தின்றது, தெருமுனையில் மாதா சிலை வைத்த கெபியின் இரும்புக் கதவை ஓட்டை ஓட்டையாகத் தின்றது, கடைசியில் பிள்ளைகளின் வீடியோ கேம் கேசட்டுகளிலும் அது வாய் வைத்தபோதுதான், வீட்டுக்கு ஒன்றும் இரண்டுமாகக் கிடந்த அந்தக் கேசட்டுகளையெல்லாம் ஒரு மீன் கூடையில் அள்ளிப் போட்டுக்கொண்டு தெருவே திரண்டு ஜெனோவாவின் ரிப்பேர் கடை வாசலில் போய் நின்றது. கேசட்டின் அடியிலிருக்கும் பற்களில் களிம்பு பிடித்தால் பிள்ளைகள் அதை வாயருகே பிடித்து ஊதுவார்கள், ஊதினால் ஓடும், ஊதும்போது தெறிக்கிற எச்சிலில் இன்னும் கொஞ்சம் களிம்பு பிடிக்கும், பிறகு இன்னும் பலமாக ஊதவேண்டும், இப்படி ஊதி ஊதியே அந்தத் தெருப் பிள்ளைகளுக்குச் சங்கு ஊதுகிற நெஞ்சு வந்துவிட்டது என்று பெரியவர்கள் கேலி பேசுவார்கள். இப்போது எவ்வளவு ஊதினாலும் எதுவும் ஓடவில்லை.

ஜெனோவா டிவி, ரேடியோ, மிக்ஸி எதுவானாலும் பிரித்துப் பார்க்கிறவள். அவள் கணவன் அமலதாஸ் சங்கு குளிக்கிறவன், இடுப்பில் கயிறும் வாயில் காற்றுக் குழாயுமாகக் கடலடியில் நடந்து சங்கு பொறுக்குகிறவன். அவன் தண்ணீருக்குள் இருக்கும் நேரமெல்லாம் அவளுக்குக் கையில் ஏதாவது நுணுக்கமான வேலை இருந்தாகவேண்டும், இல்லாவிட்டால் நெஞ்சு அடைத்துக்கொள்ளும். அதனால் யோசிக்காமல் கூடையை வாங்கி வைத்துக்கொண்டு, "எல்லா வெளையாட்டையும் ஒரே கேசட்டுல ஏத்தித் தாரேன், அதுக்கப்புறம் என்னுது ஒன்னுதுன்னு அடிச்சுக்கிடாதீக" என்றாள்.

துறைமுகத்துக் காயலான் கடையில் எடைக்கு எடுத்த பழைய போர்டுகளிலிருந்து சிப்புகளைப் பெயர்த்தாள். அந்த வகைச் சிப்புக்கு முதுகில் சிறிதாக ஒரு கண்ணாடிக் கண் உண்டு. வெயில் அந்தக் கண்ணுக்குள் போதுமான நாள் விழுந்தால் சிப்பு தனக்குத் தெரிந்ததையெல்லாம் மறந்துவிடும், அப்புறம் புதிதாகச் சொல்லிக்கொடுக்கலாம். மொட்டை மாடியில் கருவாடு காய்கிற பாயின் ஓரத்தில் சிப்புகளையும் பரப்பி, காக்கைக்காகப் பழைய வலையை மேலே போட்டு, அவை எல்லாவற்றையும் மறக்கும்வரை காத்திருந்தாள். பிறகு செத்துக்கொண்டிருந்த ஒவ்வொரு கேசட்டிலிருந்தும் விளையாட்டை உறிஞ்சி அவற்றில் ஏற்றினாள். ஏற்றியதும் இனி வெயில் புகாதபடி கண்ணை மூடவேண்டும். அதற்கென்று விற்கிற ஒட்டுத்தாள் கைவசம் இல்லாததால், முகம் பார்க்கும் கண்ணாடியில் ஒட்டிவைத்திருந்த தன் கறுப்பு ஸ்டிக்கர் பொட்டுகளை உரித்து ஒவ்வொரு கண்ணிலும் ஒன்றாக ஒட்டினாள். பின்னாளில் காரணம் தேடியவர்கள் வலையின் நிழல் விழுந்து சிப்பு சரியாக மறக்கவில்லை என்றார்கள், இல்லை, பொட்டு வைத்ததுதான் தப்பு என்றார்கள். காரணம் தெரிந்து யாருக்கு என்ன ஆகப்போகிறது!

ஒரு விஷயத்தில் மட்டும் தெருவே கூடி முடிவெடுத்தது. விளையாட்டு மனிதனுக்கு மூன்று உயிர்கள்தான், அது திரையின் மூலையில் எண்ணாக நிற்கும். மூன்று போதாது என்று பிள்ளைகள் கெஞ்சியதால் ஜெனோவா முப்பது வைப்பதாகச் சொன்னாள். உடனே, முப்பதையும் ஒரே பிள்ளை தின்றுவிட்டால் மற்றவர்கள் என்ன செய்வது என்று தாய்மார்கள் சண்டைக்குக் கிளம்ப, தெருக் கமிட்டித் தலைவரும் இரண்டு தோணிக்குச் சொந்தக்காரருமான கஸ்பார் நடுவில் புகுந்தார். "கடல்ல கெடைக்கதையே பங்கு வச்சுத்தானல திங்கோம். எல்லா வெளையாட்டுக்கும் எல்லாப் பயலுக்கும் பொதுவா ஒரே எண்ணா வையி மக்கா. எவன் கொறச்சாலும் எல்லாருக்கும் கொறையட்டும், அப்பத்தான் பொறுப்பு வரும்." தோணிக்குப் பங்கு, வலைக்குப் பங்கு, கைம்பெண்ணுக்குப் பங்கு என்று வாழ்ந்த தெருவுக்கு அது நியாயமாகவே பட்டது. வேறெந்தத் தெருவும் இப்படி ஒரு யோசனையைச் செய்திருக்காது. ஜெனோவாவும், ஒரு விளையாட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாறினாலும் எண் மட்டும் அழியாமல் தொடரும்படி வைத்துக்கொடுத்தாள்.

திறப்பு நாளில் கஸ்பார் கேசட்டை வாயருகே பிடித்து ஒரு ஊது ஊதி, ஜெனோவாவின் கடையில் டிவியோடு இணைத்திருந்த விளையாட்டுப் பெட்டியில் செருகினார். பிள்ளைகள் கைதட்டினார்கள். முதல் விளையாட்டு பாதிகூடத் தாண்டவில்லை, ஆடிக்கொண்டிருந்த பொடிசு வீறிட்டது: "நான் சாவவே இல்லக்கா! தன்னால கொறஞ்சிட்டு!" முப்பது இருபத்தொன்பதாகி நின்றது. எங்கோ ஈயப் பற்றவைப்பு சரியில்லை என்று ஜெனோவா குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான், அமலதாஸின் கூட்டாளிகள் ஈரத் துணியோடு தெருவுக்குள் வந்தார்கள். காற்றுக் குழாய் பாறையில் மடங்கிவிட்டது, குமிழி நின்றுவிட்டது, கயிற்றை இழுத்தால் வெறும் கயிறு வந்தது. இதை எப்படிச் சொல்வது என்று ஒருவரையொருவர் முன்னால் தள்ளிக்கொண்டு அவர்கள் வந்துகொண்டிருந்த அதே நேரத்தில், கெபியை ஒட்டிய விளக்குக் கம்பத்தின் அடியில் அமலதாஸ் நின்றான். சிறிது நேரம் மங்குவதும் தெரிவதுமாக இருந்தான், பிறகு முழுதாக நின்றான். தலைமுடி காய்ந்திருந்தது, முகம் கிழக்கே பார்த்திருந்தது, முதலில் கொஞ்ச தூரம் வலது பக்கமாகவே நடந்துவிட்டு அப்புறம்தான் வீட்டுப் பக்கம் திரும்பினான்.

"ஒன்னப் பத்திச் சொல்லத்தாம்ல வந்தோம்," என்றான் கூட்டாளிகளில் ஒருவன், வேறென்ன சொல்வதென்று தெரியாமல்.

ஜெனோவா அவனை உட்காரவைத்துச் சோறு போட்டாள். அவன் வழக்கமாகத் தின்கிற அளவு தின்றான். அதற்குப் பிறகு அவன் கடலுக்குப் போகவில்லை. குளிக்கும்போதுகூடத் தலையில் தண்ணீர் ஊற்றினால் கண்ணை மூடமாட்டான், மூச்சையும் பிடிக்கமாட்டான். என்ன நடந்தது என்று கேட்டால் பேச்சை மாற்றுவான்.

அடுத்து, மாடியில் பட்டம் விட்ட ஒரு பிள்ளை தவறி விழுந்து கம்பத்தடியில் வந்து நின்றது, எண் இருபத்தெட்டானது. ஜெனோவாவுக்குப் புரிந்துவிட்டது, எல்லாரையும் கூட்டிச் சொல்லியும்விட்டாள்: இனி யாரும் விளையாடவேண்டாம், டிவியையும் பெட்டியையும் அணைக்கவேண்டாம், அந்த எண் நம் எண். தெரு அதைத் தண்ணீர் லாரி வருகிற நேரத்தைப் போல ஒரு சேதியாக எடுத்துக்கொண்டது. கம்பத்தடியில் ஒரு பெஞ்சு போட்டார்கள், திரும்பி வருகிறவர்கள் துணி மாற்ற ஒரு சாரமும் துண்டும் கொடியில் தொங்கின, வந்தவரிடம் முதலில் ஒரு டம்ளர் கருப்பட்டிக் காப்பி கொடுத்த பிறகுதான் எதுவும் கேட்கவேண்டும் என்று ஒரு மரியாதையும் ஏற்பட்டது. பங்குச் சாமியாரிடம் போய்க் கேட்டதற்கு, இதற்கென்று பூசைப் புத்தகத்தில் செபம் எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டு, சாமியார் அதற்குப் பிறகு அந்தத் தெரு வழியாக வருவதை நிறுத்திக்கொண்டார். சவப்பெட்டி செய்கிற கடைக்காரர் மரத்தை வீணாக்காமல் கட்டில் செய்ய ஆரம்பித்தார்.

இருபத்தெட்டு என்பது பெரிய எண்ணாகத்தான் தெரிந்தது. ஊரான் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே என்பார்களே, அப்படித் தெரு உயிரை அள்ளி ஊற்றியது. சங்கு குளிக்கிறவர்கள் யாரும் போகாத ஆழத்துக்குப் போனார்கள், புயல் கொடி ஏற்றிய பிறகும் தோணி தள்ளினார்கள், ரயில் வரும்போதே தண்டவாளத்தைத் தாண்டினார்கள், நாலு நாள் காய்ச்சலுக்கு மருந்து வாங்கச் சோம்பல்பட்ட ஒருவர் செத்துவிட்டு வந்து, இதுதான் சீக்கிரம் குணமாகிற வழி என்று வேறு சொன்னார். யாருக்கு இது உண்டு, யாருக்கு இல்லை என்பதும் மெல்லத் தெரிந்தது. தெருவில் பிறந்து வெளியூரில் வாழ்க்கைப்பட்ட ஒருத்தி அங்கே இறந்தபோது கம்பத்தடியில் யாரும் வரவில்லை. நேற்று வந்த மருமகளோ இறந்ததும் மஞ்சள் கயிற்றோடு வந்து நின்றாள். யாருடைய அடுப்பு இந்தத் தெருவில் எரிகிறதோ அவர்களுக்கு உண்டு, அடுப்பு அணைந்தவர்களுக்கு இல்லை. இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை, ஆனால் எல்லாப் பெண்களும் அடுப்பை அணையாமல் சாம்பலுக்குள் நெருப்புக் கங்கை மூடிவைக்கத் தொடங்கினார்கள்.

எண் ஓரிலக்கத்துக்கு வந்த அன்று தெருவுக்குக் காய்ச்சல் கண்டது.

அதுவரை சாவுக்குப் பயப்படாமல் இருந்தவர்கள், மற்ற தெருக்காரர்கள் பயப்படுவதைவிடப் பத்து மடங்கு பயப்பட்டார்கள். மற்றவர்களுக்கு அவரவர் சாவுதான் பயம், இவர்களுக்கோ அடுத்த வீட்டுக்காரரின் சாவும் பயம். வீட்டை விட்டு இறங்குகிறவர் முதலில் ஜெனோவாவின் கடை வாசலுக்கு வந்து திரையின் மூலையைப் பார்த்துவிட்டுத்தான் போவார். எதிர்வீட்டில் யாராவது இருமினால் சன்னல்கள் திறந்தன. தோணிகள் மணலிலேயே கிடந்தன. மீன் முள்ளுக்குப் பயந்து கத்தரிக்காய்க் குழம்பு வைத்தார்கள். பிள்ளைகளை ஓடவிடாமல் இடுப்பில் புடவை கட்டிச் சன்னல் கம்பியில் முடிந்தார்கள். "ஒங்க வீட்டுல மூணு எடுத்திருக்கீக, எங்க வீட்டுல ஒண்ணுதான்" என்று குழாயடியில் கணக்குத் தீர்த்தார்கள். கரண்ட் போனால் பெட்டி அணைந்துவிடுமே என்று லாரி பேட்டரியைக் கொண்டுவந்து வைத்து, அதற்கு முறை போட்டுக் காவல் இருந்தார்கள்.

அணைத்துவிட்டு மறுபடி போட்டால் முப்பது வந்துவிடுமே என்று கேட்டவர்களும் உண்டு. வரும்தான். ஆனால் திரும்பி வந்தவர்கள் என்ன ஆவார்கள்? அணைத்த கணத்தில் கம்பத்தடியில் மங்கியதைப் போல மங்கி, பிறகு தெரியாமலே போய்விட்டால்? இதைக் கேட்டதும் பட்டம் விட்ட பிள்ளையின் தாய் பிள்ளையை மடியில் இறுக்கிக்கொண்டு கத்தின கத்தலில் அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. அமலதாஸும் எழுந்து கடைக்குள்ளே போய், பெட்டியின் சுவிட்சை மறைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

அணைக்கத்தானே கூடாது, விளையாடி ஒன்று சம்பாதிக்கலாமே என்றார்கள் அடுத்து. திரையில் நின்ற அந்த விளையாட்டில் ஒரு மேட்டின் மேல் உயிர் ஒன்று ஒளிந்திருப்பது எல்லாருக்கும் தெரியும். சின்ன வயதில் கண்ணை மூடிக்கொண்டே அதை எடுத்தவன் டெரன்ஸ், இப்போது பைக் மெக்கானிக். அவனைக் குளிப்பாட்டி, கெபியில் மெழுகுவர்த்தி ஏற்றி, கையில் விளையாட்டின் பொத்தான் கட்டையைக் கொடுத்தார்கள். தெரு முழுவதும் அவன் கட்டைவிரலைப் பார்த்தது. எண் மூன்றாக இருந்தது. டெரன்ஸ் பொத்தானை ஒரு நொடி முந்தி அழுத்திவிட்டான், விளையாட்டு மனிதன் ஓடி, சின்னப் பிள்ளையும் தாண்டிவிடுகிற முதல் குழியில் போய் விழுந்தான். எண் இரண்டானது. டெரன்ஸை யாரும் அடிக்கவில்லை, அடித்தால் செத்துவிடுவானோ என்ற பயம்தான்.

அந்த இரண்டில் ஒன்றைச் சந்தியாகு தாத்தா எடுத்தார். மூச்சிரைப்புக்காரர், மனைவி போனபின் தனியாகக் கஞ்சி காய்ச்சிக் குடிக்கிறவர், ஏற்கெனவே இரண்டு தடவை போய் வந்தவர். மூன்றாம் தடவையும் கம்பத்தடியில் நின்றபோது காப்பி கொடுக்க யாரும் வரவில்லை. சுற்றி நின்ற முகங்களைப் பார்த்துக் கிழவர் அழுதுவிட்டார். "நான் கேட்டனால? வரணும்னு நான் கேட்டனா? அவ அங்க காத்துக்கிட்டு இருப்பா, நான் போறதும் பாதில திரும்புறதுமா நாய் பட்ட பாடு படுதேன். போக விடுங்கல என்னைய!" அன்றைக்கே தன் அடுப்பில் தானே தண்ணீர் ஊற்றி அணைத்தார். அதன்பின் டீக்கடையில் பன்னும் டீயும்தான், தெருவில் அவருக்கு உலை கொதிக்கவில்லை. தெரு அவரைக் கையெடுத்துக் கும்பிட்டது. அந்தக் கும்பிடு பிறகு என்ன செய்யப்போகிறது என்பது அப்போது யாருக்கும் தெரியவில்லை.

மூலையில் ஒன்று என்று நின்றது. ஜெனோவாவுக்கு அப்போது நிறைமாதம்.

கல்யாணமாகி இத்தனை வருசம் இல்லாதது, செத்து வந்தவனுக்கு எப்படி உண்டாயிற்று என்று ஆரம்பத்தில் பேசினார்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? அதையெல்லாம் அவள் பொருட்படுத்தவில்லை. ஆனால் அவளுக்குக் கால் இரண்டும் வீங்கிவிட்டன, ரத்தக் கொதிப்பு ஏறிவிட்டது, தாயோ பிள்ளையோ என்று சொல்லும்படி ஆனாலும் ஆகலாம் என்று பெரியாஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அதே தெருவில் இருந்த, பிரசவ வார்டில் ஆயாவாக வேலை பார்க்கும் மெர்சியக்கா வழியாக அந்தச் சேதி அடுத்த வீட்டுக்குப் போனது, அங்கிருந்து எல்லா வீட்டுக்கும் போனது. அன்று சாயங்காலமே கஸ்பார் ஒரு பை ஆப்பிளோடும் ஹார்லிக்ஸ் பாட்டிலோடும் வந்து உட்கார்ந்தார்.

"ஒனக்கு ஒரு கொறையும் வைக்க மாட்டோம் மக்கா. வளகாப்ப தெருவே சேந்து நடத்தும். முடிஞ்ச கையோட, மொறைப்படி தாய்வீட்டுக்குப் போயி நல்லபடியா பெத்துக்கிட்டு வா."

"என் தாய்வீடு எதுத்த வீடுதான மாமா. அதுவும் பூட்டிக் கெடக்கு."

"மணப்பாட்டுல ஒங்க சித்தி வீடு இருக்குல்லா?"

"சித்தி செத்து வருசமாச்சு."

"வீடு இருக்குல்லா?"

ஜெனோவா அவர் முகத்தையே பார்த்தாள். "அடுப்ப அணைச்சிட்டுப் போவச் சொல்லுதீக. நான் செத்தா இங்க வந்து நிக்கக் கூடாது. அதான?"

"நான் சொல்லல மக்கா," என்றார் கஸ்பார், டிவியின் பக்கம் கையைக் காட்டி. "அது சொல்லுது." அவர் கண்ணிலும் தண்ணீர் நின்றது, அது பொய்யில்லை. அவர் பேரப்பிள்ளைக்குப் பிறவியிலேயே இதயத்தில் ஓட்டை.

அவர் போனதும் ஜெனோவா கணவனைப் பார்த்தாள். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான், "போயிட்டு வருவோமே. நானும் கூட வாரேன்." அவள் கேட்டாள், எனக்கு ஒன்று ஆகிவிட்டால் அந்த ஒன்று எனக்கு வேண்டாமா என்று. அப்போதுதான் அவன் அதுவரை சொல்லாததைச் சொன்னான். "அங்க ஒண்ணுமே இல்ல ஜெனோவா. இருட்டுகூட இல்ல. பயப்படுததுக்கு ஆள் வேணும்லா, அந்த ஆளே இல்ல. அந்த ஒண்ணு அங்கன இருக்குன்னு நெனச்சாத்தான் எனக்கு ஒறக்கம் வருது."  அவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள், கட்டிப் பிடித்திருக்கும்போதே அவளுக்கும் பயம் வந்தது, சாவதற்கல்ல, இந்த ஆள் எதையும் செய்துவிடுவான் என்று.

வளைகாப்பு பிரமாதமாக நடந்தது. அப்படி ஒரு வளைகாப்பு அந்தத் தெருவில் எந்தப் பெண்ணுக்கும் நடந்ததில்லை. கடை வாசலில் பந்தல் போட்டார்கள், கன்னத்தில் சந்தனம் பூசினார்கள், பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையல்களை முழங்கை வரை ஏற்றினார்கள், பூசிய ஒவ்வொருத்தியும் உண்மையாகவே அழுதாள். பின்கட்டில் விறகடுப்பில் தேங்காய்ச் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. தெருமுனையில் வேன் நின்றது. சாப்பாடு இறங்கியதும் அமலதாஸ் தன் கையால் அடுப்பை அணைக்கவேண்டும், வேன் கிளம்பவேண்டும், அதுதான் ஏற்பாடு. ஜெனோவாவின் முதுகுக்குப் பின்னால், கடைக்குள், டிவியில் விளையாட்டு மனிதன் நின்ற இடத்திலேயே கால் மாற்றிக்கொண்டிருந்தான்.

கடைசி வளையல் ஏறுவதற்குள் அவளுக்கு வலி கண்டது.

பனிக்குடம் உடைந்து நாற்காலி நனைந்தது. அம்மா என்று கத்தி, அவள் எதிரே நின்றவர்களை நோக்கி இரண்டு கையையும் நீட்டினாள். அத்தனை வளையலும் ஒன்றாகக் குலுங்கின. எதிரே நின்ற ஒருவரும் அவளைப் பார்க்கவில்லை. சந்தனக் கிண்ணம் வைத்திருந்தவள், ஆரத்தித் தட்டு வைத்திருந்தவள், சின்ன வயதிலிருந்து கூடப் படித்தவள், எல்லாருடைய கண்ணும் அவள் தலைக்கு மேலாக அவளுக்குப் பின்னாலிருந்த திரையின் மூலைக்குப் போயிருந்தன. அவள் அமலதாஸைத் தேடினாள். அவனும் அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வேன எடுங்கல! அடுப்ப அணைங்க!" என்று கஸ்பார் கத்தினார்.

"வேனெல்லாம் தாங்காது, தல தெரியப்போவுது!" என்றாள் மெர்சியக்கா.

"அப்பம் அடுப்பையாவது அணைங்க!"

அமலதாஸ் தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்கு ஓடினான். கொதிக்கிற உலை இறங்குவதற்கு முன்னால் அடுப்பில் தண்ணீர் விழுகிற சத்தம் எல்லாருக்கும் கேட்டது. ஓட்டுக்கு மேலே வெள்ளையாகப் புகை எழுந்தது. சாவு வீட்டில்தான் அப்படி அணைப்பார்கள். ஜெனோவா அந்தப் புகையைப் பார்த்தாள், மெர்சியக்காவின் தோளைப் பிடித்து எழுந்தாள். வேனுக்குத்தான் போகிறாள் என்று எண்ணிக் கூட்டம் பரிவோடு வழிவிட்டது. அவள் கடைக்குள் ஏறினாள், பெட்டியின் முன் குனிந்தாள், சுவிட்சைத் தொடவேயில்லை, பொதுக் கேசட்டின் தலையைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்துவிட்டாள்.

திரையில் விளையாட்டு மனிதன் போனான், எண் போனது, வெறும் கோடுகள் ஓடின.

 திரும்பி வந்தவர்கள் அத்தனை பேரும் தங்கள் கையைத் தாங்களே பார்த்துக்கொண்டு நின்றார்கள், பட்டம் விட்ட பிள்ளையைத் தாய் அதன் எலும்பு நோக அழுத்திப் பிடித்திருந்தாள், அமலதாஸ் பின்கட்டு நிலையில் வெறுங்குடத்தோடு கண்ணை இறுக மூடி நின்றான். ஒருவரும் மங்கவில்லை. சந்தியாகு தாத்தா தன் நெஞ்சைத் தடவிப் பார்த்துவிட்டு, "இன்னும் இங்கனதான் கெடக்கனா," என்று அலுத்துக்கொண்டார். அப்புறம்தான் அவர்களுக்கு நிசமான பயம் வந்தது, எல்லாத் தெருவிலும் எல்லாருக்கும் இருக்கிற பழைய பயம். பார்ப்பதற்குத் திரையில் எதுவும் இல்லாததால் அவர்கள் கண்ணை எங்கே வைப்பது என்று தெரியாமல் திணறி, கடைசியில் ஜெனோவாவைப் பார்த்தார்கள். கேசட்டை நெஞ்சோடு அணைத்தபடி, பற்றவைக்கிற மேசைக்கும் பழைய டிவிகளுக்கும் நடுவே தரையில் அவள் சரிந்துகொண்டிருந்தாள்.

பெண்கள் ஓடினார்கள். புடவைகளைத் திரையாகப் பிடித்தார்கள், தலையை மடியில் வாங்கினார்கள், வளையல் உடைந்து குத்திவிடுமோ என்று ஒவ்வொன்றாக உருவினார்கள். கஸ்பாரின் மனைவி அவள் காலைத் தாங்கிக்கொண்டு, மாதாவே மாதாவே என்று அரற்றினாள். பிள்ளை வந்தது, பெண் பிள்ளை. நீலமாக இருந்தது. அழவில்லை. மெர்சியக்கா தலைகீழாகப் பிடித்தாள், பாதத்தைச் சுண்டினாள், வாயைத் துடைத்தாள். சத்தமே இல்லை. பழக்கதோசத்தில் யாரோ ஒருத்தி திரும்பி டிவியைப் பார்த்தாள், அங்கே கோடுகள்தான் இருந்தன.

"ஊதணும், வாயில வாய் வச்சு ஊதணும்," என்றாள் மெர்சியக்கா. "ரத்தம் நிக்க மாட்டேங்குது, என் கை ரெண்டும் இவ கிட்ட மாட்டிக்கிட்டு. யாராவது வாங்க!"

யாரும் அசையவில்லை. ஊதினால் தங்கள் உயிரில் ஒன்று குறைந்துவிடுமோ என்று குழம்பினவர்களைப் போல நின்றார்கள். ஜெனோவா கண்ணைத் திறக்காமலே சொன்னாள், "அவர வரச் சொல்லுங்க. கடல்ல கெடந்த நெஞ்சு."

அமலதாஸ் வந்தான். கையெல்லாம் சாம்பலும் ஈரமுமாக இருந்தது. அதுவரை ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கக்கூட மூச்சைப் பிடிக்க அஞ்சியவன், மண்டியிட்டு, நெஞ்சு நிறைய இழுத்தான். "கேசட்ட ஊதுத மாதிரி ஊதாத, மெதுவா, கன்னத்துக் காத்து மட்டும்," என்றாள் மெர்சியக்கா. அவன் ஊதினான். ஒன்றும் ஆகவில்லை. மறுபடி ஊதினான், மறுபடியும், அவன் கண்ணீர் பிள்ளையின் நெற்றியில் விழுந்தது, சுற்றி நின்ற அத்தனை பேரும் தங்களை அறியாமல் அவனோடு சேர்ந்து வாயைக் குவித்து ஊதிக்கொண்டிருந்தார்கள். சின்னதாக ஒரு விக்கல் வந்தது. பிறகு பிள்ளை கத்திற்று.

தெருமுனையில் நின்ற வேனில் தாயையும் பிள்ளையையும் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஜெனோவா பிழைத்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அவள் முதலில் பின்கட்டுக்குப் போய்த் தன் கையால் அடுப்பை மூட்டினாள். சாம்பல் ஈரத்தில் கட்டிபட்டிருந்தது, பற்றுவதற்கு நேரமாயிற்று. தெருவுக்கு அவள் முகத்தில் விழிக்கக் கூச்சம். சோற்றுப் பானையும் குழம்புச் சட்டியுமாக வாசலில் வைத்துவிட்டுக் குரல் கொடுக்காமல் போனார்கள். தோணிகள் மறுபடி கடலில் இறங்கின, புயல் கொடி ஏறினால் ஏறின வேகத்தில் கரைக்கு வந்தன, பெண்கள் கரையில் நின்று வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். சந்தியாகு தாத்தா அந்த மழைக்காலத்தில் ஒரே தடவையாகப் போய்ச் சேர்ந்தார். கம்பத்தடியில் பார்க்கப் பலருக்குத் துணிச்சல் இல்லை, பார்த்தவர்கள் வெறும் பெஞ்சைத்தான் பார்த்தார்கள்.

ஜெனோவா கேசட்டைப் பிரித்தாள். பொட்டுகளை நகத்தால் கிளப்பி எடுத்து, கண் திறந்த சிப்புகளை மொட்டை மாடியில் கருவாட்டுப் பாயின் ஓரத்தில் பரப்பினாள், இந்தத் தடவை வலை போடவில்லை, காக்கைக்குக் கம்போடு தானே உட்கார்ந்தாள். கிளப்பிய பொட்டுகளில் பசை இருந்த ஒன்றைத் திருஷ்டிக்கென்று பிள்ளையின் உள்ளங்காலில் ஒட்டினாள். அமலதாஸ் படியேறி வந்து எட்டவே நின்றான். அடுப்பை அணைத்த அந்தக் கைகளில் அவள் இன்னும் பிள்ளையைக் கொடுக்கவில்லை, அவனும் கேட்கவில்லை. நாளைக்குக் கடலுக்குப் போகலாமென்று இருக்கிறேன் என்று சொன்னான்.  பயமாக இருக்கிறதா என்று அவள் கேட்டாள். ஆமாம் என்றான். எனக்கும்தான் என்றாள்.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. காக்கை ஒன்று பாயில் வந்து உட்கார, கம்பை எடுக்க அவளுக்கு ஒரு கை வேண்டியிருந்தது. ஒரு கணம் தயங்கிவிட்டு, எழுந்துபோய்ப் பிள்ளையை அவன் கைகளில் வைத்தாள். வைத்த பிறகும் தன் கையை உடனே எடுக்கவில்லை.

"பாத்துப் பிடிங்க," என்றாள். "ஒண்ணுதான் இருக்கு."